திரும்பவும் அதே மண்டபம்

தெரியாத ஊரில் வழிதவறினால் நாலு பேர் உதவிக்கு ஓடி வருவார்கள். நன்றாகத் தெரிந்த இடத்தில் வழிதவறிப் பாருங்கள், அதே நாலு பேரும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு நாலு பேரல்ல, ஒரு மண்டபம் நிறைய ஆட்கள். அதிலும் முன்வரிசையில், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த குடும்பம்.

அப்போது நான் நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கொம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்பது. (அம்மாவின் கவலையைக் கேட்டால் ஐம்பது என்று நினைப்பீர்கள்.) யாழ்ப்பாணத்தில் என்னைப் போன்ற கொம்பியூட்டர் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதை ஒழுங்கு செய்த நண்பன் ரமணன் என்னிடம் வந்தான்.

"மச்சான், பழைய கேம் ஒண்டைப் பற்றி அரை மணித்தியாலம் கதை. சனம் நித்திரை கொள்ளாமல் இருந்தால் காணும்."

எந்த கேம் என்று நான் யோசிக்கவே இல்லை. பாழடைந்த கோட்டைக்குள் ஒரு வீரன் தனியே அலைவான். கோட்டையின் நடுவில் ஒரு மண்டபம், அதற்குள் வற்றிப்போன குளம், சுற்றிவரப் பூட்டிய கதவுகள். எந்தப் பக்கத்தால் போனாலும் கடைசியில் அந்த மண்டபத்துக்கே வந்து சேருவீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கதவை உள்பக்கமாகத் திறந்துகொண்டு வருவீர்கள். அதே குளம்தான், ஆனால் வேறு கோணத்தில் வேறு இடம்போலத் தெரியும். சோம்பலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். நாங்கள் அந்தக் கோட்டையை வீடுபோலப் பழகவேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது என் கட்சி. அதையே பேச்சுக்குத் தலைப்பாகவும் கொடுத்தேன்: "ஒரே இடத்துக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறோம்?"

கண்ணைக் கட்டிவிட்டாலும் விளையாடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஒரேயொரு குறை, அந்த கேமை நான் முடித்ததே இல்லை. சின்ன வயதில் வாங்கிய சீடியில் கடைசிச் சண்டை வந்ததும் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். கண்காட்சிக்கு முதல்நாள்தான் நல்ல பிரதி ஒன்றை லப்டொப்பில் போட்டு விளையாடி முடித்தேன். கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"தம்பி, கொழும்புத்துறைச் சம்பந்தம் ஒண்டு சொன்னனான் எல்லே? அந்தப் பிள்ளையும் தாய் தேப்பனும் நாளைக்கு உன்ரை கூட்டத்துக்கு வருகினமாம்."

"ஏனம்மா, கோயிலிலை வைச்சுப் பாத்தால் என்ன?"

"கோயிலிலை எல்லாரும் நல்ல பிள்ளையாத்தான் நிப்பினம். நீ சபையிலை என்னெண்டு கதைக்கிறாய் எண்டு தேப்பன் பாக்கவேணுமாம். முழுக்கைச் சேட்டைப் போடு. கோதாரி விழுந்த கேமைப் பற்றிக் கதையாதை."

"அம்மா, கதைக்கிறதே கேமைப் பற்றித்தான்."

அம்மா போனை வைத்துவிட்டா. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முதல் வந்த இரண்டு சம்பந்தங்களும் "கேம் விளையாடுற மாப்பிள்ளையோ?" என்ற கேள்வியோடு நின்றுபோயிருந்தன. இந்தப் பிள்ளையின் பெயர் ஆரணி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலை. அம்மா அனுப்பிய படத்தை ஒருதரம் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். (ஒருதரம் இல்லை.)

அடுத்தநாள் பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. வீரனின் பெரிய படத்தைத் திரையில் போட்டு, கோட்டையின் வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். ஆரணியின் அப்பா முன்வரிசையில் கைகட்டி இருந்தார். இரும்புக்கடை வைத்திருந்தவர், மைக் தேவைப்படாத குரல். ஆரணி தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "இனி நேரிலேயே பார்ப்போம்" என்று அதே லப்டொப்பில் கேமை முதலிலிருந்து தொடக்கினேன். தொடக்கியவன் கொன்ரோலரைக் கையில் பிடித்தபடி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சபையைப் பார்த்து நின்றேன். விரல்கள் தாமாக விளையாடின.

"இப்போது வீரன் மண்டபத்துக்குள் வருகிறார். இடப்பக்கம் திரும்புகிறார். ஆயுத அறைக்குள் போகிறார்..."

சபையில் ஒரு சின்னச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். வீரன் சுவரில் முகத்தை உரசிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

சரி, கை தவறிவிட்டது என்று நினைத்து இந்த முறை திரையைப் பார்த்தே விளையாடினேன். இடப்பக்கம் போனேன். ஆயுத அறை இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு நடைவழி ஒன்று வந்தது. அது எங்கெங்கோ வளைந்து, பழையபடி குளத்தடியில் கொண்டுவந்து விட்டது.

"பார்த்தீர்களா, திரும்பவும் அதே மண்டபம். இதுதான் இந்த கேமின் சிறப்பு" என்று சமாளித்தேன். கைதட்டினார்கள். இன்னொரு வழியால் போனேன். திரும்பவும் குளத்தடி. அதற்கும் கைதட்டினார்கள். நான் வழிதவறத் தவற என் பேச்சுக்கு ஆதாரம் கூடிக்கொண்டே போனது. மண்டபம் அதே மண்டபம், குளம் அதே குளம், ஆனால் எந்தக் கதவும் வைத்த இடத்தில் இல்லை. எங்கள் வீட்டுக்குள் நுழைந்து குசினிக்குப் போனால் அங்கே கிணறு இருந்ததுபோல இருந்தது. எனக்கு விசர் பிடிக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

அதற்குமேல் ஆரணியின் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. எழும்பிவிட்டார்.

"தம்பி, உந்தக் குளத்தை நாங்கள் முந்தியும் பாத்தனாங்கள்."

"ஓம் ஐயா, அதுதான் விசயம்."

"விசயம் விளங்குது. வெளியிலை போற வழிதான் விளங்கேல்லை."

அவ்வளவுதான், மண்டபம் முழுக்க வழி சொல்லத் தொடங்கியது. "நேரை போம்!" என்றது ஒரு குரல். "நேரை போனால் சுவரெல்லே? அந்தத் தூணடியாலை திரும்பச் சொல்லு" என்றார் ஓர் அம்மா. "தூணடியாலை போய்த்தானே இவ்வளவு நேரமும் கெட்டது" என்று பக்கத்தில் இருந்தவ அவவோடு சண்டைக்குப் போனா. நான் எல்லோரும் சொன்ன பக்கமெல்லாம் போனேன். கடைசியில் வீரன் ஒரு குழிக்குள் விழுந்து செத்துப்போனார். உயிர் பெற்று எழும்பியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? குளத்தடியில்தான்.

என் மூளை அதோடு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. "ஒரு நிமிசம்" என்று கொன்ரோலரை வைத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். போனேன் என்றுதான் நினைத்தேன். உள்ளே அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் கதிரைகளும் இரண்டு விளக்குமாறும் ஒரு பழைய மேளமும் இருந்தன. வேறு வாசல் இல்லை. கொஞ்ச நேரம் மேளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, வேறு வழியில்லாமல், போன கதவாலேயே மேடைக்குத் திரும்பி வந்தேன்.

ஆரணியின் அப்பா மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"தம்பி திரும்பவும் மண்டபத்துக்கே வந்திட்டார்!"

அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ரமணன் ஓடிவந்து மைக்கை எடுத்து எல்லோரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பினான். நான் லப்டொப்புக்கு முன்னால் இருந்து, முழுக்கைச் சேட்டால் முகத்தைத் துடைத்தேன்.

"உவர் வாளை எந்தக் கையிலை வைச்சிருக்கிறார்?"

நிமிர்ந்தேன். ஆரணி நின்றாள். விரல் திரையில் நின்ற வீரனைக் காட்டியது.

"இடக்கையிலை" என்றேன்.

"நீங்கள் முதல் காட்டின படத்திலை வலக்கையிலை எல்லே வைச்சிருந்தவர்?"

முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன். வலக்கை. திரையில் இடக்கை.

"படம் மாறிக் கிடக்கு" என்றாள் அமைதியாக. "கண்ணாடியிலை பாக்கிறமாதிரி. எங்கடை வேலையிலை முதல் பாக்கிறதே இடமோ வலமோ எண்டதைத்தான். மாறினால் நல்ல காலுக்கெல்லே மாவுக்கட்டுப் போட்டிடுவினம்."

அப்போதுதான் விளங்கியது. கேமை ஒருமுறை முடித்தால், அடுத்தமுறை தொடங்கும்போது கோட்டை முழுவதையும் இடம் வலம் மாற்றித் தருகிறார்கள்! தெரிந்த இடத்தையே தெரியாத இடமாக்கும் ஆகப்பெரிய வித்தை அதுதான். அதைப் பற்றி ஊரைக் கூட்டிப் பேச வந்தவனுக்கு அது தெரியாது. முடித்தபிறகு திரும்பத் தொடக்கிப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

நான் இதைச் சொல்லச் சொல்ல ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். "இப்ப வலப்பக்கம் போங்கோ பாப்பம்" என்றாள். போனேன். ஆயுத அறைக் கதவு திறந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு அவளின் அப்பா தூரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் "என்னடா நடந்தது?" என்று அம்மா கேட்டா. "எனக்கே விளங்கேல்லை அம்மா" என்றேன். அம்மா அடுத்த சம்பந்தத்துக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டா. ஆனால் அந்தக் கிழமையே கொழும்புத்துறையில் இருந்து "ஓம்" என்று பதில் வந்தது. ஆரணியின் அப்பா சொன்ன காரணம் இது: "ஓடினவர்தான். எண்டாலும் திரும்பி வந்தவர்." (வேறு வாசல் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்று இன்றுவரை நான் அவருக்குச் சொல்லவில்லை.)

கலியாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், வலப்பக்கம் இருந்த பொம்பிளை இடப்பக்கம் மாறி இருக்கவேண்டும். "இனி மாறி இருங்கோ" என்றார் ஐயர். ஆரணி எழுந்து வந்து சரியான இடத்தில் இருந்துவிட்டாள். "மாறி" என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நானும் எழும்பிவிட்டேன். எழும்பியவன் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இடமும் வலமும் பார்த்துக்கொண்டு மணவறையில் நிற்கிறேன். வீடியோக்காரன் அதை ஒரு இடமும் வெட்டாமல் எடுத்திருக்கிறான்.

கனடாவில் இருந்து யார் வந்தாலும் மாமா (அதுதான், ஆரணியின் அப்பா) முதலில் போடுவது அந்த வீடியோவைத்தான். சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எழும்பிப் போய் டீவியைத் தொட்டுக் காட்டுவார்.

"பாத்தியளே? பிள்ளை போய் வடிவா இருந்திட்டுது. இவர் இன்னும் வழி தேடுறார்."