படகில் ஊற்றிய லாரித் தண்ணீர்

“ஸ்கூட்டிய ஒழுங்கா ஸ்டாண்டு போட்டு நிறுத்தத் தெர்ல. நீ படகு வாங்கினு எங்க போவப்போற?”

பழைய அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் அறிவித்த அன்று அம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். நாங்கள் இருப்பது முடிச்சூரில். எங்கள் பரம்பரையில் மீன் பிடித்தவர் யாரும் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவர்கள்தான் உண்டு.

உண்மையான காரணத்தை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. மொட்டைமாடியிலிருந்து எங்களை ஓர் அலுமினியப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா அழுதாள். அப்பா, முழுகிக் கிடந்த தன் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். (எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.) தினமும் புத்தகப் பையோடு நடந்த தெரு, சத்தமே இல்லாமல் எனக்குக் கீழே நகர்ந்தது. வேப்பமரத்தின் உச்சிக்கிளை என் கன்னத்தைத் தொட்டது. மேட்டில் படகு தட்டி நின்றதும் எல்லோரும் அவசரமாக இறங்கினார்கள். கடைசியாக, அதட்டிய பிறகு, நான் இறங்கினேன்.

அதன்பின் கல்லூரி முடித்து, சிறுசேரியில் வேலையும் கிடைத்தது. ஆனாலும் கோவளம் ரோட்டில் உப்பங்கழித் தண்ணீர் தெரிந்துவிட்டால், அந்த இடம் தாண்டும்வரை நான் யாரோடும் பேசமாட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் பிரிட்ஜ் வாங்குவதானாலும், வங்கியில் கையெழுத்துப் போடுவதானாலும் என் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை. பின்னால் நடந்த நாசத்துக்கு இதுவே மூலகாரணம்.

கேளம்பாக்கத்தில் மீன் பிடிக்கும் செல்வம் அண்ணனிடம் விற்பதற்கு ஒரு படகு இருந்தது. தார்ப்பாயை விலக்கியதும், ஒரு மாதமாக வீடியோ பார்த்துச் சேர்த்த அறிவெல்லாம் எங்கோ போய்விட்டது. வாங்க வந்தவள் முதலில் குனிந்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா இருமிக் காட்டிய பிறகுதான் இறங்கிச் சோதனை செய்தேன். தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகள் ஆடுகின்றனவா, உப்புத் தண்ணீர் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, ஓட்டையை மறைக்கப் பெயின்டைத் தடிமனாக அப்பியிருக்கிறார்களா, என்ஜின் மாட்டும் பின்பலகை ஊறிப்போயிருக்கிறதா. எல்லாம் நன்றாகவே இருந்தன. அப்பாவும் தன் பங்குக்குத் தர்பூசணி வாங்குவதுபோல நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது ஒழுகுகிறதா என்பதுதான். மே மாதம், அந்தப் பக்கம் கழி வற்றிச் சேறாகக் கிடந்தது. ஆனால் வீடியோவில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: படகைத் தரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே சொட்டும்.

“எட்த்துனு போய் ஊத்திப் பாரு மா. ஒழுவுனா திருப்பிக் குடு,” என்றார் செல்வம் அண்ணன். “ஒடைச்சின்னா உன்னுது.”

அப்பாவின் குட்டி யானை லோடு வண்டியில் பாதிப் படகு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வண்டலூர் வழியாக வந்து சேர்ந்தோம். எங்கள் தெருவில் படகு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு மேரி அக்கா ஓடிவந்து, பிரிட்ஜை மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டார்.

முன்னால் இரண்டு ஹாலோ பிளாக், பின்னால் இரண்டு வைத்துப் படகை நிறுத்தி, தண்ணீர் லாரிக்குச் சொன்னேன். லாரியைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

“இவ்ளோ தண்ணி வேணுமா கலை?”

“வீடியோல பாத்தேன்ப்பா.”

(கணுக்கால் அளவு போதும் என்று அந்த வீடியோவிலேயே இருந்தது. நான் இரட்டை வேகத்தில் பார்த்திருந்தேன்.)

பாதி நிரம்பியபோது முதல் குடம் வந்தது. தெருவில் குழாய்த் தண்ணீர் நின்று சில நாட்கள் ஆகியிருந்தன. கண்ணெதிரே லாரி ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் மக்கள் என்ன செய்வார்கள்? வரிசை போட்டார்கள். வரிசையில் சண்டையும் வந்தது. நான் சாக்பீஸோடு படகுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். எல்லா ரிவெட்டும் சொட்டியது. ரிவெட் சொட்டுகிறதா, மேலே குடம் சிந்துகிறதா என்று தெரியவில்லை. தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. ஓட்டை குடிக்கிறதா, தெரு குடிக்கிறதா என்றும் தெரியவில்லை.

அறிவாளியான நான் வெளியே வந்து கையை உயர்த்தி, “அண்ணா, ஃபுல்லா ஊத்துங்க,” என்றேன்.

விளிம்புவரை நிரம்பியது. நடுவில் தாங்க எதுவும் இல்லாத படகு ஒரு முறை முனகியது. அடுத்து டமார் என்று வயிறு பிளந்தது. மே மாத வெயிலில் எங்கள் தெருவில் வெள்ளம். குடங்கள் மிதந்தன. என் ஒற்றைச் செருப்பு மேரி அக்கா வீட்டு வாசல்வரை போய் நின்றது.

லாரிக்காரர் குழாயை மூடிவிட்டு, எட்டிப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: “ஒழுவுது மா.”

நல்ல படகை நானே உடைத்தேன். அதனால் அது என்னுடையதாயிற்று. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது வாங்கினாலும், “தண்ணி ஊத்திப் பாத்துட்டியா?” என்பதுதான் முதல் கேள்வி. குக்கருக்குக் கேட்டார்கள். மிக்ஸிக்கும் கேட்டார்கள். போன மாதம் ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்தபோது அப்பா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஊத்திப் பாக்கலாமா?” என்றார்.

நானும் சிரிப்பேன். ஆனால் வேலையிலிருந்து வந்ததும், காம்பவுண்டு ஓரம் கிடக்கும் படகில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்காராமல் இருக்க முடிவதில்லை. காற்றடித்தால் அலுமினியம் லேசாக அதிரும். அப்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் அம்மா டீ கொண்டுவந்து, அவளும் ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். பிளந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“ஏன்டி, உனக்கு நீச்சல் தெரியுமா?”

ரிவெட், பெயின்ட், பலகை, எல்லாம் சோதித்தவள் இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

படகின் வயிற்றை ஒட்டிவிடலாம், மழைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று வெல்டர் சொல்லியிருக்கிறார். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல்குளத்தில் காலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். என்னோடு கற்பவர்கள் எல்லாரும் என் இடுப்பளவு உயரம். “ஆன்ட்டி, மூச்ச வுடுங்க,” என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தருகிறார்கள்.

நேற்று முதல்முறையாகக் குளத்து ஓரக் கம்பியிலிருந்து கையை விட்டேன்.