தரையில் தங்கிய மாற்று மின்சாரம்

ஆகாயத்தில் என்ஜின் நின்றுபோகக் கூடாது என்பதில் எங்கள் விமான மன்றத்தில் இரண்டு கருத்து கிடையாது. செக் நாட்டில் எங்கள் மொராவியாவில் மற்ற எல்லா விஷயத்திலும், பிளம் சாராயத்தை எத்தனை முறை வடிப்பது என்பது உட்பட, குறைந்தது நான்கு கருத்து உண்டு.

எங்கள் மன்றத்து ஒட்டாகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கார் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். சிலர் முயல் வளர்ப்பார்கள். விமானம் முடிந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்று ஆகியிருந்தது. பரிசோதித்த டாக்டர், செப்டம்பர் முடியும்வரைதான் பறக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தான் கட்டியதில் ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும். அதைத் தவிர ஒட்டாகருக்கு வேறு ஆசை இல்லை.

என்ஜின் புது மாதிரி. பழைய என்ஜின்கள் தீப்பொறியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும். புதியதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. அதற்கு மின்சாரம் போனால் என்ஜினும் போய்விடும். ஆனாலும் நாங்கள் எல்லோரும் பெட்டிக்கு மாறிவிட்டோம். மாறாதவர் வெண்டலின் ஒருவர்தான். அவருடைய பழைய என்ஜின் மேலே பறந்துகொண்டிருக்கும்போது நாங்கள் கீழே நின்று அதைப் பார்த்துச் சிரிப்போம்.

ஆகஸ்டில், விமானங்களுக்கு அனுமதி தரும் பரிசோதகர் ஹ்ருபெஷ் வந்தார். 'இன்ஜினியர் சார்' என்று அழைக்காவிட்டால் அவருக்குக் காது கேட்காது.

"மின்சாரம் நின்னா?"

"ரெண்டாவது பேட்டரி இருக்கு, இன்ஜினியர் சார். பெட்டிய அது தனியா அரை மணி நேரம் ஓட்டும்."

"அது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"பச்சை விளக்கு எரியும்."

"விளக்குக்கு மின்சாரம்?"

"முதல் பேட்டரியிலேருந்து."

"முதலாவது செத்தா விளக்கும் செத்துடும். ரெண்டாவது உயிரோட இருக்கறது உங்களுக்குத் தெரியாது. பயத்துலயே போயிடுவீங்க."

விளக்குக்கு என்று மூன்றாவது பேட்டரி வந்தது. அது நலமாக இருப்பதைத் தெரிவிக்க இன்னொரு விளக்கும், அந்த விளக்குக்கு நான்காவது பேட்டரியும் வந்தன. ஆறாவது பேட்டரி பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தது.

"யோவ், கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவேயில்லையே?" என்றார் வெண்டலின்.

எடை வரம்பு தாண்டிவிட்டது. பெட்ரோலைக் குறைக்கச் சொன்னார் ஹ்ருபெஷ். குறைத்தபின் மிஞ்சியது சில நிமிடங்களுக்குத்தான் வரும்.

"இவ்வளவு கொஞ்ச நேரத்துல மின்சாரம் எங்க போகப்போகுது? மாற்று மின்சாரமே தேவையில்ல" என்றார்.

"அப்ப பேட்டரிகளை எடுத்துடவா சார்?"

"எடுத்தா எடை குறையும். நீங்க பெட்ரோல் ஊத்துவீங்க. ஊத்தினா நேரம் கூடும். கூடினா பேட்டரி வேணும்."

"ரெண்டாவது மட்டும் இருக்கட்டுமே?"

"வேலை செய்யுதான்னே தெரியாத பேட்டரிய நம்பி ஒரு மனுஷனை மேல அனுப்பச் சொல்றீங்களா?"

அவர் யோசிக்கப் போனார். செப்டம்பர் நடந்துகொண்டிருந்தது. ஒட்டாகர் தினமும் வந்து விமானத்தைத் துடைத்துவிட்டுப் போனார். மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது: மாற்று மின்சார ஏற்பாடு முழுமையாக இருத்தல் வேண்டும், எங்கே இருத்தல் வேண்டும் என்று விதி கூறவில்லை. ஆகவே முதலாவது உட்பட ஆறு பேட்டரிகளும் முழு சார்ஜில், எரியும் விளக்குகளோடு, விமானக் கொட்டகையிலேயே பத்திரமாக இருக்கும். சட்டத்தின் பார்வையில் விமானமும் அவையும் சேர்ந்து ஒரே இயந்திரம். என்ஜின் கிளம்பியபின் பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை என்ஜினோடு சுழலும் ஜெனரேட்டரே தரும்.

கடைசிச் சனிக்கிழமை ஒட்டாகர் பறந்தார். நாங்கள் வறுத்த சாசேஜும் கையுமாக அண்ணாந்து பார்த்தோம். விமானம் திராட்சைத் தோட்டத்துக்கு மேலே சாய்ந்து திரும்பியது. கை தட்டினோம். மறுபடியும் திரும்பியது. அப்புறம் சத்தம் இல்லை.

"நின்னுடுச்சு" என்றார் வெண்டலின். பீர்க் குவளையைப் புல்லில் வைத்தார்.

பேட்டரிகளைக் கழற்றும்போது ஜெனரேட்டர் கம்பி ஒன்றைத் திருகி முடுக்க மறந்திருந்தோம்; மேலே அது கழன்றுவிட்டது. விமானம் மிதந்து இறங்கி மக்காச்சோளக் கொல்லைக்குள் போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தோம். சக்கரம் ஒடிந்து, இறக்கை கிழிந்து கிடந்தது. ஒட்டாகர் காதில் சோளத்தாள் செருகியபடி உட்கார்ந்திருந்தார். காயம் இல்லை.

"பறந்துட்டேன்யா" என்றார்.

கொட்டகையில் எல்லாப் பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை மதுக்கடையில் ஹ்ருபெஷ் கூட்டம் கூட்டினார். "விபத்துன்னா விசாரணை உண்டு. அது முடியற வரைக்கும் இந்தத் தளத்துலேருந்து ஒரு விமானமும் கிளம்பக் கூடாது. அடுத்த கோடையும் போயிடும்."

ஹ்ருபெஷ் தன் குவளையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆனா விபத்துன்னா முதல்ல அது பறந்திருக்கணும். இயந்திரத்துல ஆறு பாகம் தரையிலயே இருந்திருக்கு. முழுசாக் கிளம்பாததைப் பறந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் சோளக்கொல்லைக்கு எப்படிப் போனேன்?" என்றார் ஒட்டாகர்.

"அது வேளாண்மைத் துறை."

பிறகு அவர் எழுந்து நின்று அறிவித்தார்: "மேற்படி விமானம் பறந்ததைக் காணாதவர்கள் கை உயர்த்தவும்."

வெண்டலின் ஜன்னல் பக்கம் பார்த்தார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவர் கைதான் முதலில் எழுந்தது. பிறகு எங்கள் எல்லோருடையதும்.

"கை தட்டினீங்களேய்யா" என்றார் ஒட்டாகர்.

"தட்டினா பாத்ததா அர்த்தமா? சர்க்கஸுல கண்ணை மூடிக்கிட்டுக்கூடத் தட்டுவோம்" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையை இறக்கவும் இல்லை.

"நீங்க?" என்றார் ஹ்ருபெஷ்.

"நான் அதுக்குள்ளயே இருந்தேன், இன்ஜினியர் சார்."

"அதான் கேக்கறேன். உள்ள இருந்தவர் விமானம் பறக்கறதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?"

அதில் பிழை எதுவும் ஒட்டாகருக்கும் அகப்படவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கினார். விரல்கள் நீண்டிருந்தன. உள்ளங்கை இடது பக்கமாக லேசாகச் சாய்ந்து, அப்படியே திரும்பத் தொடங்கியது.

"கையை நேராப் பிடிங்க" என்றார் ஹ்ருபெஷ். "எண்ணணும்."