ஏரிக்கரைப் பொதுப்பாதையில் ஒரு முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி மட்டும் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு அதைப் பூங்கா என்று அறிவித்தார்கள். கரையைச் சுற்றி வழவழவென்று பாதை போட்டு, வாசலில் ஒரு பலகை நட்டார்கள்.

‘இது எல்லோருக்கும் பொதுவான பாதை. சைக்கிளில் வருவோர் நடப்போருக்கு வழிவிட வேண்டும். இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும்.’ குதிரை யாருக்கு வழிவிட வேண்டும் என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை.

அந்தக் காட்டில் முத்துப்பேச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள்தான் அங்கே மருத்துவச்சி. கீரி, மரநாய், முயல் என்று காட்டில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். பிரசவம் பார்க்கப் போவதற்கென்றே ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் கரிச்சான் குருவி பறந்து வந்து அவள் வாசலில் மூச்சிரைத்தது.

“பேச்சியக்கா! அக்கரையில நீர்நாய் செவந்திக்கு வலி எடுத்துட்டு. தலப்பிரசவம். வயித்துல ரெண்டு குட்டி. குறுக்கால கிடக்குமோன்னு பயந்து அழுறா.”

“அழாம இருக்கச் சொல்லு. அரை மணியில வந்துருவேன்.”

மருந்துப்பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மிதித்தாள். பூங்கா வாசலில் காவல் குரங்கு சிங்காரம் கையை நீட்டி மறித்தான்.

“அக்கா, ஹெல்மெட் எங்க?”

“தலையெல்லாம் முள்ளு தம்பி. எதைக் கவுத்தாலும் ஓட்டைதான் விழும்.”

“அது எனக்கும் தெரியுதுக்கா. ஆனா ஃபாரத்துல நான் டிக் போடணுமே.” யாரோ விட்டுப்போன ஒரு ஹெல்மெட்டை எடுத்து வந்து சைக்கிள் கேரியரில் கட்டினான். “தலையில இருக்கணும்னு இல்ல, வண்டியில இருந்தாப் போதும். சரி, என்ன நோக்கமா வந்திருக்கீங்க?”

“பிரசவம்.”

“அப்படி ஒண்ணு இதுல இல்லையே. உல்லாசம், உடற்பயிற்சி, புகைப்படம். மூணுல ஒண்ணு சொல்லுங்க.”

“உல்லாசம்னே எழுது” என்று பல்லைக் கடித்தாள் முத்துப்பேச்சி.

ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நான்கு புள்ளிமான்கள் பாதையை அடைத்தபடி வரிசையாக நடந்துகொண்டிருந்தன. எல்லோர் காலிலும் அடி எண்ணும் கருவி. மணியடித்தாள்.

“மணியடிச்சு மிரட்டாதீங்க” என்றது மூத்த மான். “நடக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை. பலகையைப் படிக்கலையா?”

“ஒரு பிள்ளைத்தாச்சி உயிருக்குப் போராடுறா தாயி.”

“எங்களுக்கும் இன்னும் நாலாயிரம் அடி பாக்கியிருக்கு.”

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தாள். வளைவில் மான்களும் நின்றன. நடுப்பாதையில் குதிரை நின்று ஏரித் தண்ணீரில் தன் பிடரி அழகைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. முத்துப்பேச்சிக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் பலகையை மதிக்கிறவள். ஓரமாக நின்றாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல். “ஒதுங்கு! ஒதுங்கு!”

எட்டுக் காட்டுப்பன்றிகள். தொந்தி பிதுங்க இறுக்கமான மஞ்சள் பனியன், கறுப்புக் கண்ணாடி. காற்றைவிட லேசான சைக்கிள்கள் என்று சொல்லி வாங்கியவை. காற்றைவிட லேசாக இல்லாதவர்கள் ஓட்டுகிறவர்கள்தான். முன்னால் வந்தவன் கோதண்டம். இவர்களைக் கண்டதும் மான்கள் புதருக்குள் பாய்ந்தன. குதிரைகூட ஏரிச்சேற்றில் இறங்கி வழிவிட்டது. பலகையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

முத்துப்பேச்சிக்கு ஒதுங்க இடமில்லை. கோதண்டம் இடித்த வேகத்தில் அவள் சைக்கிளோடு சரிவில் உருண்டாள். முன்சக்கரம் அப்பளமாக நொறுங்கியது. அவள் முள் ஒன்று கோதண்டத்தின் டயரில் ஏறி, காற்று ‘புஸ்’ என்று போனது.

கோதண்டம் இறங்கி வந்தான். டயரைத் தடவிப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

“ஏம்மா, பொதுப்பாதையில முள்ளோட வர்றியே, அறிவிருக்கா?”

அவள் எழுந்தாள். பையைப் பொறுக்கிக்கொண்டு நொண்டியபடியே ஓடினாள். மீதி மூன்று கிலோமீட்டர்.

போய்ச் சேர்ந்தபோது முதல் குட்டி பிறந்து, மூச்சில்லாமல் கிடந்தது. இரண்டாவது குறுக்கே மாட்டியிருந்தது. முத்துப்பேச்சி கையை உள்ளே விட்டுத் திருப்பி, அதையும் தாயையும் பிழைக்க வைத்தாள். செவந்தி உயிருள்ள குட்டியை விட்டுவிட்டு, செத்த குட்டியையே நக்கிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமேக்கா” என்றாள் கடைசியில். அதில் கோபமில்லை. அதனால்தான் முத்துப்பேச்சிக்குத் தாங்க முடியவில்லை.

மறுநாள் பூங்கா அதிகாரி கரடியிடம் போய்ப் புகார் கொடுத்தாள். கரடி நிதானமாகத் தேன் நக்கி முடித்து விசாரித்தது.

“சாவு நடந்தது பாதையிலயா?”

“இல்லைங்கய்யா, அக்கரைப் பொந்துல.”

“அப்ப அது நம்ம எல்லை இல்ல. டயர் கிழிஞ்சது பாதையில. அது நம்ம எல்லை.”

தீர்ப்பு எழுதப்பட்டது. கூர்மையான பொருளோடு தனியாக வரும் முள்ளம்பன்றிகளுக்குப் பாதையில் அனுமதியில்லை. ஏரியை அதிவேகமாகச் சுற்றிவந்த கோதண்டம், பாதைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக நியமிக்கப்படுகிறார்.

இனி என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கோதண்டத்தின் மனைவிக்கு வலி வரும், அவன் முத்துப்பேச்சியின் காலில் வந்து விழுவான், அவள் பெருந்தன்மையாக மன்னிப்பாள். அப்படி ஒரு மண்ணும் நடக்கவில்லை. கோதண்டம் வீட்டுப் பிரசவமெல்லாம் ஏசி ஆஸ்பத்திரியில்தான்.

முத்துப்பேச்சி மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தீர்ப்பை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘தனியாக வரும்’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. நான்காம் நாள் சைக்கிளின் முன்சக்கரத்தை மாற்றிவிட்டு, சொந்தபந்தங்களை அவரவர் சைக்கிளோடு கூட்டினாள். பதினோரு முள்ளம்பன்றிகள். பன்னிரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிறப் பனியன் தைத்தாள். முதுகில் ‘ஏரிக்கரை முள் சைக்கிள் சங்கம்’ என்று எழுதினாள்.

அடுத்த வாரமே அக்கரைக் கீரி ஒருத்திக்கு வலி கண்டது. சங்கம் புறப்பட்டது. வாசலில் சிங்காரம் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். ஹெல்மெட்டைக் கேட்கவில்லை, நோக்கத்தையும் கேட்கவில்லை.

“ஒதுங்கு! ஒதுங்கு!” என்று முதலில் கத்தியது முத்துப்பேச்சிதான். மான்கள் பறந்தன. குதிரை தானாகச் சேற்றில் இறங்கியது. எதிரே வந்த கோதண்டம்கூட ஓரங்கட்டி, “நல்ல வேகம்!” என்று கட்டைவிரலை உயர்த்தினான்.

இருபது நிமிடத்தில் அக்கரை. மூன்று குட்டிகள், மூன்றும் சுகம்.

வழியில் ஓர் ஆமை மல்லாந்து சரிவில் உருண்டதாகப் பின்னால் வந்த சித்தப்பா சொன்னார். முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சங்கத்தின் சராசரி வேகம் குறைந்துவிடும்.

நீதி: உயிரைக் காக்கப் போகிறவர் ஓரமாகப் போக வேண்டும், தொந்தியைக் கரைக்கப் போகிறவருக்கு ஊரே ஒதுங்கும். ஆகவே நல்ல காரியம் செய்ய விரும்புவோர் முதலில் பனியன் தைத்துக்கொள்க.