அப்பாவை எழுப்பிய விண்கலம்

நாற்பது வயதில் விண்கலப் பொம்மை செய்கிறவனை ஊர் மன்னித்துவிடும். பெற்ற அப்பா மன்னிக்க மாட்டார். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் செப்புக் கம்பிக் காயில் சுற்றி ஓய்வுபெற்றவர் அவர். “இத்தனை ஒயர் இழுத்திருக்கறயே, ஒரு சொட்டுத் தண்ணி எடுக்குமா?” என்று கேட்பார்.

எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் மினுங்கினால் அது விண்கலம் இல்லை, துணிக்கடை சீரியல் செட். அதனால் பீளமேட்டில் இறங்கும் விமானங்களை மொட்டை மாடியில் நின்று கவனித்தேன் (யாருக்கோ சைகை காட்டுகிறேன் என்று பக்கத்து வீட்டில் சந்தேகம்). என் விண்கலத்தின் ஜன்னல் விளக்குகளுக்கு ஆளுக்கொரு வேகம். அடிவயிற்றில் ஒரு பச்சை விளக்கு: இரண்டு துடிப்பு, சிறு ஓய்வு, மறுபடி இரண்டு துடிப்பு. இருட்டினால் தானே எரிய சென்சார், பேட்டரி எல்லாம் உண்டு. ஹாலில் ஷோகேஸ் மேல், விளிம்பைத் தாண்டி நீட்டினாற்போல் அதை வைத்துவிட்டு, விஞ்ஞானி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தார். டாக்டர்கள் சொன்னது எதுவும் அம்மாவுக்குப் புரியவில்லை. மானிட்டரில் மினுங்கும் பச்சைப் புள்ளி மட்டும் புரிந்தது. “ஓடுது கண்ணு, ஓடுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் அது நின்றுவிட்டது.

ஃப்ரீசர் பெட்டியை ஷோகேஸுக்கு நேர் கீழே வைத்தோம் (பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது). மேலே நின்ற விண்கலத்தை அணைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சாயங்காலம் உபதேசியார் ஜெபமாலையைப் பாதி சொல்லியிருப்பார், கரண்ட் போய்விட்டது. பெட்டியின் உறுமல் நின்றது. சித்தப்பா ஜெனரேட்டருக்கு ஓடினார். தலைமாட்டில் மெழுகுவத்தி மட்டும் எரிந்தது.

பெட்டியின் கண்ணாடியில், சரியாக அப்பாவின் நெஞ்சுக்கு மேல், பச்சையாக இரண்டு துடிப்பு. சிறு ஓய்வு. மறுபடி இரண்டு.

“ஏனுங்க... ஏனுங்க!” என்று அம்மா பெட்டியைத் தட்டினாள். “கண்ணு, அப்பாவுக்கு ஓடுதுடா! மூடியத் தொறங்க!”

நாலு பேர் மூடியைப் பிடித்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். உபதேசியார் பாதி மந்திரத்தில் “ஆமென்” சொல்லி முழங்காலிட்டுவிட்டார். அது என்ன என்று தெரிந்தவன் அந்த வீட்டிலேயே நான் ஒருவன்தான். வாயைத் திறக்க எனக்கு மனசே வரவில்லை.

“அம்மா... அது மேல இருக்கற கப்பலும்மா.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் படைப்பை அத்தனை பேர் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். “அப்ப அவருக்கு ஓடலையா?”

அவ்வளவு மோசமான கேள்வியை அப்பாகூட என்னிடம் கேட்டதில்லை. இல்லையென்று தலையாட்டினேன். அதற்குள் ஆம்புலன்ஸ் வேறு விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது. “பேஷன்ட் யாருங்க?” என்றார் டிரைவர்.

விண்கலத்தை உடைத்துப் போடப் போனேன். அம்மா விடவில்லை. இப்போதும் கரண்ட் போனால், “தாத்தா ஆன் ஆயிட்டாரு!” என்று என் மகள் கத்துவாள். எல்லோரும் சிரிப்போம், அம்மாவும்தான்.

போன மாதம் கரண்ட் போனபோது ஷோகேஸ் இருட்டாகவே கிடந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. மகளும் கத்தவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏங்கண்ணு, புது பேட்டரி போட்டா ஓடுமல்ல?”