ஹம்மாம் வாசலில் நகர்சபை

"நாற்பது பேராவது வரணும் அக்கா. இதுவரைக்கும் நீங்களும் அந்தப் பூனையும்தான் வந்திருக்கீங்க," என்றான் நகராட்சி எழுத்தர் ரிதா.

தலீலா காலி நாற்காலிகளை முறைத்தாள். செக்குத் தெருவுக்கு வடிகாலா, ரவுண்டானாவில் சலவைக்கல் நீரூற்றா என்று ஊர்மக்களே கை தூக்கி முடிவு செய்யும் பொதுக்கூட்டம் இது. ஆள் சேராமல் ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டது. இன்றும் கலைந்தால் முடிவு தலைவர் மோன்ஜியின் கைக்குப் போய்விடும். அவருக்கோ நீரூற்றின்மேல் உயிர்.

தலீலாவின் வீடு செக்குத் தெருவின் பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் நேராக அவள் சமையலறைக்குத்தான் விருந்துக்கு வரும். போன வருடம் ரவை மூட்டை ஒன்று கூழாகிப் போனது, மெத்தை மிதந்தது. இன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது.

"நாற்பது பேர்தானே? இரு, கொண்டு வரேன்!" என்று கிளம்பினாள்.

ஆண்கள் எல்லாரும் காபிக்கடையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க, கூட்டத்துக்கு வாங்க!"

"ஆட்டம் முடியட்டும் அக்கா."

"அது முடியறதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிடும்!"

ஒருவரும் அசையவில்லை. தலீலாவுக்குப் பொறுமை போயிற்று. டிவி வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பெனால்டி உதைக்க ஆட்டக்காரன் ஓடிவந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது.

"அடிப்பாவி!" என்று கடையே அலறியது.

"இப்ப வருவீங்களா மாட்டீங்களா?"

"வர்றோம்!" என்று கத்தினார் கடைக்காரர் கமைஸ். "மொத்தப் பேரும் வர்றோம்! வந்து நீரூற்றுக்குத்தான் கை தூக்குவோம்!"

போச்சு. ஆள் சேர்ந்தது, ஆனால் எதிர்க்கட்சியாக! தலீலா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்காக விட்டுவிடுவாளா? ஊரில் பாதிப் பேர் பெண்கள் ஆயிற்றே.

பெண்களோ ஊர்ப் பொதுக் குளியல்கூடமான ஹம்மாமில் இருந்தார்கள். நாளைக்குக் கல்யாணம், இன்று மணப்பெண்ணின் நீராவிக் குளியல். வாசலில் துணி தொங்கியது. துணி தொங்கினால் உள்ளே பெண்கள் என்று அர்த்தம். எந்த ஆணும் படி ஏற மாட்டான்.

தலீலா உள்ளே பாய்ந்தாள். ஆவிக்குள் ஒரே குலவைச் சத்தம்.

"எல்லாரும் வாங்கடி, வடிகாலுக்குக் கை தூக்கணும்!"

"தலை முழுக்கக் களிமண்ணு பூசியிருக்கோம். இந்தக் கோலத்துல வந்து நின்னா ஊர் தாங்குமா?" என்றாள் மணப்பெண்ணின் அம்மா.

"வடிகாலோ நீரூற்றோ, ஏதோ ஒண்ணு! முதல்ல கதவச் சாத்துடி, குளிருது!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

உடம்பு தேய்த்துவிடும் மன்னூபியா மட்டும் கையுறையை உதறிக்கொண்டு கிட்டே வந்தாள். அவள் தலீலாவின் பக்கத்து வீட்டுக்காரி. "இவங்க வெளிய வர மாட்டாங்க. நீ போய்க் கூட்டத்த இங்க இழுத்துட்டு வா. உள்ள நான் பாத்துக்கிறேன்."

கூட்டத்தை ஹம்மாம் வாசலுக்கு மாற்றச் சொன்னதும் தலைவர் மோன்ஜி முதலில் முறைத்தார். பிறகு கோபத்தோடு வந்து நின்ற ஆண்களைப் பார்த்தார். வெற்றி கையில் இருக்கும்போது பெருந்தன்மைக்கு என்ன குறை?

"ஜனநாயகம்னா மக்கள் இருக்கிற இடத்துக்கு நாமதான் போகணும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நகர்சபை ஹம்மாம் வாசலில் கூடியது. தலைவர் நழுவிவிடாதபடி தலீலா அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"நீரூற்று வேணும்கிறவங்க?"

கடைக்காரர் கமைஸ் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னான் ரிதா. எண்ணிப் பார்த்தான்: நாற்பத்தாறு.

"வடிகால் வேணும்கிறவங்க?"

தெருவில் தலீலா ஒருத்திதான் கை தூக்கினாள். துணிக்கு அந்தப்பக்கம் மன்னூபியா ஏதோ கத்துவதும் குலவையில் அது அமுங்குவதும் கேட்டது. பிறகு துணியை விலக்காமலே குரல் கொடுத்தாள்: "எல்லாக் கையும் மேல இருக்கு! ஐம்பத்திரண்டு!"

"நான் எப்படி நம்பறது?" என்றார் தலைவர்.

"நம்பாட்டி உள்ள வந்து எண்ணிக்கோங்க!"

தலைவர் வீம்புக்கு அரை அடி எடுத்து வைத்தார். உடனே உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் பாய்ந்தது.

"மோன்ஜி! காலை வெச்சுத்தான் பாருங்க!"

தெரு வெடித்துச் சிரித்தது. தலைவர் காதெல்லாம் சிவக்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் தூறல் அந்தத் தாளின்மேல்தான் விழுந்தது.

எல்லாரும் போனபின் தலீலா உள்ளே ஓடி, மன்னூபியாவை ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"தலைவர் பொண்டாட்டிகூடக் கை தூக்கினாளா! ஒருத்தி பாக்கியில்லாம எல்லாரையும் எப்படிக்கா சம்மதிக்க வெச்சீங்க?"

மன்னூபியா கையுறையைப் பிழிந்தாள்.

"சம்மதமா? அதையெல்லாம் யாரு கேட்டா? 'எல்லாரும் கையத் தூக்குங்க, அக்குள் தேய்க்கணும்'னேன்."