ஹகுமோதாயின் முதல் குடி

எந்தப் புறநகரை எடுத்துக்கொண்டாலும், 'நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல' என்று சொல்ல ஒருவர் இருப்பார். தபால்பெட்டி இல்லாத தெரு உண்டு. இவர் இல்லாத தெரு கிடையாது. ஜப்பானில் எங்கள் ஹகுமோதாயில் அவர் பெயர் நவாதா; மரியாதைக்கு 'சான்' சேர்த்து, நவாதா சான்.

நீங்கள் அவரிடம் மருந்துக்கடைக்கு வழி கேட்டுப் பாருங்கள். ரயில் கம்பெனி மூங்கில் மலையை வெட்டிச் சமப்படுத்தியது, மனைக்குக் குலுக்கல் போட்டது, முழங்கால் சேற்றில் ரப்பர் பூட்ஸோடு நடந்து நிலையத்தில் ஆபீஸ் ஷூவுக்கு மாறியது, ராத்திரியெல்லாம் நரி ஊளையிட்டது என்று எல்லாம் வரும். மருந்துக்கடை மட்டும் வராது. நரிகள் வருஷா வருஷம் பெருகும். போன தடவை ஏழு.

குடியிருப்புச் சங்கம் ஐம்பதாம் ஆண்டு மலர் போட முடிவுசெய்தது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு படம்: முதன்முதலில் குடிவந்தவர். கேட்க வேண்டுமா? நவாதா சான் முடிவெட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போய்வந்துவிட்டார். ஐம்பது வருஷமாக அவர் காத்திருந்தது அந்தப் பக்கத்துக்குத்தான்.

மலர்க்குழுக் கூட்டத்தில் தலைவர் படத்தை ஒட்டப்போகும் நேரம், எதிர்வீட்டு இசோகாய் அம்மாள் பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். உறையில் தூரிகை எழுத்தில் 'நவாதா'.

"ஞாபகம் இருக்கா நவாதா சான்? குடிவந்த அன்னிக்கு எங்க வாசல்ல குனிஞ்சு கும்பிட்டுக் குடுத்தீங்களே?"

"புதுசா வர்றவங்க அக்கம்பக்கத்துக்குக் குடுக்கறதுதானே! அதுக்கென்ன இப்போ?"

"குடுக்கறதுக்கு அக்கம்பக்கம் இருந்துச்சே, அதான்."

கூட்டம் மொத்தமும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடியது.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?" என்றார் தலைவர்.

"கதை நல்லா இருந்துச்சு, கெடுப்பானேன்? ஆனா அச்சுல வரப்போகுதுன்னா உண்மை வரணும். ஊளையிட்டதும் எங்க வீட்டு நாய்தான். ஒரே நாய்."

நவாதா சானுக்குக் காது வரை சிவந்தது. படத்தை எடுத்துப் பையில் வைத்தார். எழுந்தார். வாசல்வரை போனார். போய்விட்டார் என்றா நினைத்தீர்கள்? இந்த இனம் அப்படிப் போகாது.

"சரி, முதல்ல டெலிபோன் வாங்கினது யாரு? அதைக் கேளுங்க!"

மலரில் ஒன்பதாம் பக்கம் அவருக்குக் கிடைத்தது.

சிரிக்கிறீர்களா? போன மாதம் உங்கள் மேல்மாடிக்குப் புதுக் குடும்பம் வந்ததே, லிஃப்ட் இல்லாத காலத்தைப் பற்றி அவர்களிடம் பேசியது யார்? பாவம், தோளில் பீரோவோடு நின்றார்கள்.