ஈரம் குறையாத சேதம்

அரசாங்கத்துக்கு இரக்கம் உண்டு. நேரில் வந்து பார்த்த பிறகுதான் அது சுரக்கும், அவ்வளவே. வெள்ளம் வடிந்த மறுநாளே மாநில நிவாரண நிதி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: சேதத்தை மதிப்பிடும் அரசுப் பார்வையாளர் வந்து பார்க்கும்வரை சேதத்துக்கு யாரும் சேதம் விளைவிக்கக் கூடாது.

தையல்காரர் கடையில் முழங்கால் அளவு சேறு. அதற்குள் அவருடைய ஒரே தையல் மெஷின். துடைத்து எண்ணெய் போட்டால் இன்றைக்கே ஓடும் என்றாள் மனைவி. ஓடினால் அது சேதம் இல்லை, சேதம் இல்லையென்றால் நிதி இல்லை என்று விளக்கினார் தையல்காரர். அவளுக்குப் புரியவில்லை. அரசாங்க வேலை பார்த்தவள் இல்லை, பாவம்.

பார்வையாளர் வருவதற்குப் பாலம் இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் கட்ட நிதி வேண்டும். நிதிக்கு அவர் பாலத்தைப் பார்த்தாக வேண்டும். அக்கரையில் நின்று பார்த்தால் அது பாதிப் பார்வைதான் என்று மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் போகலாமா என்று அலுவலகத்திலிருந்து மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார்கள்.

பதில் வருவதற்குள் சேறு காய ஆரம்பித்தது. தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பார்வையாளர் வந்து இது வெறும் மண் என்று எழுதிவிட்டுப் போய்விட்டால்? உடனே சேதப் பாதுகாப்புக் குழு அமைந்தது, தையல்காரர்தான் தலைவர். காலையும் மாலையும் வீடு வீடாகத் தண்ணீர் தெளித்தார்கள். யார் வீட்டுச் சேறு பதமாக இருக்கிறது என்பதில் பொறாமைகூட வந்தது. மெஷினில் துரு ஏறுவதைப் பார்த்து மனைவி அழுதாள். இதைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரமாக வருகிறது.

ஒருவழியாகப் பார்வையாளர் படகில் வந்து இறங்கினார். சேற்றில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அருமையா வச்சிருக்கீங்க. அப்படியே புதுசா இருக்கே?"

"எல்லாம் உங்களுக்காகத்தான் சார்," என்றார் தையல்காரர்.

"அதான் சிக்கல். நான் பார்க்க வந்தது போன மாச வெள்ளத்தை. இது இந்த வாரத்து ஈரம். இந்த வாரம் வெள்ளம் வந்ததா அரசாங்கம் அறிவிக்கலையே."

படகு போய்விட்டது. மனைவி விறுவிறுவென்று சேற்றில் இறங்கி மெஷினைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. தெருவே வாசலுக்கு வந்து ஆசையோடு அண்ணாந்து பார்த்தது.

தையல்காரர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு. இந்தத் தடவை புது வெள்ளத்துலயே நிதி வாங்கிடலாம்."